சந்தைக்கு வரும் மீனும் அருகிக்கொண்டிருக்கலாம்: பால்சுறாவும் வேளாவும்

"அழிஞ்சு போற மீன் எண்டால் இவ்வளவும் எங்கையிருந்து வருது?" என்ற கேள்வியை யாழ்ப்பாணத்து மீன்சந்தைகளில் யாரும் கேட்டிருக்கலாம். பால்சுறா உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்ற செய்தி எங்காவது வெளிவரும் நாளிலும் பாசையூரிலோ குருநகரிலோ அதே பால்சுறா ஏலத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆகவே கேள்வி நியாயமானது. இன்னொரு புறத்தில், சுறா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எல்லாச் சுறாக்களும் இன்னும் சில ஆண்டுகளில் இல்லாமற்போய்விடும் என்று எழுதுபவர்களும் உள்ளனர். இரு தரப்பினரும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றனர். ஓர் இனத்தின் "காப்புநிலை" என்று உயிரியலாளர் குறிப்பிடுவது எதை அளக்கிறது என்பதைக் கவனிக்காமலே அதைப் பற்றிப் பேசப்படுகிறது.

அதை விளங்கிக்கொள்ள இரண்டு மீன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று பால்சுறா, வடபகுதிச் சமையலறைகளில் அதை அறியாதவர் இல்லை. மற்றது வேளா, வாள் போன்ற நீண்ட மூக்கை உடைய, முதியவர்களின் பேச்சில் மட்டும் எஞ்சியிருக்கும் பெருமீன். இரண்டும் கசியிழைய மீன்கள். இரண்டின் பெயர்களும் சிவப்புப் பட்டியல் எனப்படும் ஒரே அனைத்துலகப் பட்டியலில் உள்ளன. ஆனால் அப்பட்டியலில் அவை இருக்கும் இடங்களுக்கு இடையே பெருந்தூரம் இருக்கிறது.

கசியிழைய மீன் என்பது எது?

விளை, பாரை, ஓரா, சூடை, அறுக்குளா என நாம் அன்றாடம் வாங்குபவற்றில் பெரும்பாலானவை எலும்பு மீன்கள். சுறா, திருக்கை, உழுவை, வேளா ஆகியவற்றின் உடலிலோ ஓர் எலும்புகூடக் கிடையாது. அவற்றின் உடற்கூடு முழுவதும் கசியிழையத்தால் ஆனது. கசியிழையம் என்பது நமது காதுமடலிலும் மூக்கு நுனியிலும் உள்ள, வளைந்துகொடுக்கும் உறுதியான இழையம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைக் குருத்தெலும்பு என்கின்றன. சுறாவின் தாடையிலும் முள்ளந்தண்டிலும் இந்த இழையத்தின்மீது சுண்ணாம்புப் பொருள் படிந்து கடினமாக்குவதாலேயே, எலும்பில்லாத மீனொன்றால் இவ்வளவு வலுவாகக் கடிக்க முடிகிறது.

வெளியிலிருந்து பார்த்தே இவ்வகை மீனை இனங்காணலாம். எலும்பு மீனின் செவுளை ஒரு மூடி மறைத்திருக்கும். சுறாவிலும் திருக்கையிலும் மூடி இல்லாமல், பெரும்பாலும் ஐந்து பிளவுகள் வரிசையாகத் தெரியும். தோலில் செதிலுக்குப் பதிலாகப் பல்லின் அமைப்பைக் கொண்ட நுண்ணிய முட்கள் பதிந்திருப்பதால், வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் கை அராவப்படும். உடலுக்குள் காற்றுப்பை இல்லை; எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே மிதப்பதற்கு உதவுகிறது. சமைப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு அடையாளமும் உண்டு. இம்மீன்கள் கடல்நீரின் உப்புத்தன்மைக்கு ஈடுகொடுப்பதற்காகத் தம் தசையில் யூரியாவைச் சேர்த்துவைக்கின்றன. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அமோனியாவாக மாற்றிவிடும். நாட்பட்ட சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். சுறாவைப் பொறுத்தவரை "பச்சையாக" வாங்க வேண்டும் என்று அம்மாமார் வலியுறுத்துவதில் நல்ல இரசாயனம் இருக்கிறது.

காப்புநிலையைப் பற்றிப் பேசுவதற்கு மிகவும் வேண்டிய இயல்பு இவற்றின் இனப்பெருக்கம். எலும்பு மீன்களில் பல, முட்டைகளையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். கசியிழைய மீன்கள் அனைத்திலும் கருக்கட்டல் பெண்ணின் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. ஆண் மீனின் இடுப்புத் துடுப்புகளை ஒட்டி நீண்டிருக்கும் இரண்டு தண்டுகள் அதற்கான உறுப்புகள். சில இனங்கள் தோலுறையுள்ள பெரிய முட்டைகளை இடுகின்றன. நாம் பார்க்கப்போகும் இரண்டும் குட்டி ஈனுபவை.

இதுவரை பார்த்தவற்றுள் மனத்தில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: கசியிழைய மீனுக்கு எலும்பு இல்லை, அது முட்டைகளைக் கடலில் சிந்திவிட்டுப் போகும் மீனும் இல்லை.

பால்சுறா

அறிவியலாளர் இறைசோபிரியோனொடொன் அகியூற்றசு என்று பெயரிட்டிருக்கும் இச்சுறா, மேற்கு ஆபிரிக்கக் கரையிலும், செங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாக யப்பான், வட அவுஸ்திரேலியா வரையிலும் பரந்து வாழ்கிறது. ஒன்றே முக்கால் மீற்றர் வரை வளரக்கூடும் என்று பதிவுகள் இருந்தாலும், சந்தையில் காண்பவை பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்டவை. சாம்பல் நிற முதுகு, வெண்ணிற வயிறு, கூரிய நீண்ட மூக்கு, பெரிய கண் ஆகியவற்றுடன், வாயின் இரு கோடிகளிலும் நன்கு தெரியும் நீண்ட வரிப்பள்ளமும் அதன் அடையாளம். கரையோர ஆழங்குறைந்த நீரில் மணலும் சேறுமான அடித்தளத்தை ஒட்டித் திரிந்து, சிறு மீன்களையும் கணவாயையும் இறாலையும் உண்ணும்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க இச்சுறாவைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவித்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் மிளகும் தேங்காய்ப்பூவும் சேர்த்துச் செய்யும் சுறா வறைக்கு இணையான பத்தியக் கறி இல்லை என்பது பொதுக் கருத்து. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் இந்த வழக்கத்தினால் பால்சுறாவுக்கு ஆண்டு முழுவதும் குறையாத விலையும் கேட்பும் இருந்துவருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீன் வெட்டுபவர் பெண் பால்சுறா ஒன்றின் வயிற்றைக் கீறும்போது அருகில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். விரற்கடை நீளம் முதல் முழங்கை நீளம் வரை, பருவத்துக்கு ஏற்ற அளவில், முழு உருப்பெற்ற குட்டிகள் சில உள்ளே கிடக்கும். ஒவ்வொன்றின் மார்பிலிருந்தும் மெல்லிய கொடியொன்று தாயின் கருப்பைச் சுவரை நோக்கிச் செல்லும். அது உண்மையான தொப்புட்கொடியே. தொடக்கத்தில் மஞ்சட்கருவை உண்டு வளரும் முளையம், பின்னர் அம்மஞ்சட்கருப் பையையே சூல்வித்தகமாக மாற்றிக்கொண்டு தாயிடமிருந்து உணவைப் பெறுகிறது. சூல்வித்தகம் என்பது தாயின் குருதியிலிருந்து சிசுவுக்கு உணவும் ஒட்சிசனும் செல்ல வழிசெய்யும் உறுப்பு. பாலூட்டிகளில் உள்ளதற்கு ஒப்பான ஒன்று இச்சிறு சுறாவிலும் தனியாகத் தோன்றியிருக்கிறது. கருக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஓர் ஈற்றில் ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறக்கலாம். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து.

எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருந்தும் பால்சுறாவுக்கு ஒரு வாய்ப்பு உண்டு: அது விரைவில் பருவமடைகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே இனம்பெருக்கத் தொடங்கிவிடும் என்று கண்டிருக்கிறார்கள். சுறாக்களின் உலகில் இது மிக விரைவான வாழ்க்கை.

வேளா

வேளாவைப் பலர் வேளாச்சுறா என்பார்கள். உடலின் பின்பாதி சுறாவைப் போலவே இருப்பதால் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் உறவுமுறையில் அது திருக்கைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. செவுட் பிளவுகள் பக்கவாட்டில் இருந்தால் சுறா, வயிற்றுப் பக்கத்தில் இருந்தால் திருக்கை என்பது எளிய விதி. வேளாவைப் புரட்டிப் பார்த்தால் ஐந்து சோடிப் பிளவுகளும் வாய்க்குப் பின்னால், அடிப்பக்கத்தில் இருக்கும்.

உலகில் ஐந்து வேளா இனங்கள் உள்ளன. இலங்கைக் கடலில் ஒன்றுக்கு மேற்பட்டவை முன்னர் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பல் வேளா எனத்தக்க பிறிசுற்றிசு பிறிசுற்றிசு இனத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆறு மீற்றரைத் தாண்டி வளரக்கூடிய மீன் இது. மொத்த நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் வாள். வாளின் ஒவ்வொரு பக்கத்திலும் 14 முதல் 24 வரையான பற்கள் இருக்கும். அவை வாய்ப்பற்களல்ல, மாற்றமடைந்த தோல்முட்கள். ஒன்று அடியோடு போய்விட்டால் மறுபடி முளைப்பதில்லை.

அந்த வாளைச் சண்டைக்கான ஆயுதமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. அதன் பரப்பெங்கும் நுண்துளைகள் உள்ளன. பிற உயிரினங்களின் தசையசைவினால் நீரில் உண்டாகும் மிக மெல்லிய மின்புலத்தை அவை உணர்கின்றன. சுறாக்களின் தலையிலும் இத்துளைகள் உண்டு. வேளாவிலோ அவை நீண்ட வாள் முழுவதும் பரவியிருப்பதனால், கலங்கிய நீரிலும் இரையை அறிய முடிகிறது. அறிந்த கணத்தில் வாளைப் பக்கவாட்டில் வீசி, மீனைத் தாக்கி வீழ்த்தி, பின்னர் அடியில் அழுத்தி உண்ணும்.

வேளாவும் குட்டி ஈனும்; ஆனால் தொப்புட்கொடி இல்லை. குட்டிகள் தமது மஞ்சட்கருவை மட்டுமே உண்டு தாயின் வயிற்றில் ஏறக்குறைய ஐந்து மாதம் வளர்கின்றன. முக்கால் மீற்றர் நீளத்தில், வாளோடு பிறக்கும் குட்டி தாயைக் கிழித்துவிடாதா என்று கேட்கலாம். பிறக்கும்போது வாள் வளையத்தக்கதாக இருக்கும். பற்களை மூடி ஊன்பசை போன்ற தடித்த உறையொன்றும் இருக்கும். பிறந்த சில நாட்களில் அந்த உறை கரைந்து நீங்கிவிடும். அதன் பின்னர் குட்டிகள் கழிமுகங்களுக்குள்ளும் ஆறுகளுக்குள்ளும் சென்று, நன்னீரிலேயே சில ஆண்டுகளைக் கழிக்கின்றன. பருவமடைய எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லும். வாழ்நாள் முப்பது ஆண்டுக்கு மேல்.

பட்டினப்பாலையில் பரதவர் "சினைச் சுறவின் கோடு நட்டு", அதாவது சினைச் சுறாவின் கொம்பை நட்டு, வழிபட்டதாக ஒரு செய்தி வருகிறது. சுறாவுக்குக் கொம்பு இல்லையாதலால், நட்டு வைக்கத்தக்க அந்தக் கோடு வேளாவின் வாளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. தமிழ்க் கடற்கரையில் வேளா பழகிய உயிரினமாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

சுருங்கச் சொன்னால், பால்சுறா சிறியது, விரைவில் பருவமடைவது, ஆண்டுக்குச் சில குட்டிகளை ஈனுவது. வேளா பெரியது, பருவமடையப் பத்தாண்டு அளவு காத்திருப்பது, வாழ்க்கைக்குக் கடலையும் கழிமுகத்தையும் ஆற்றையும் ஒருங்கே வேண்டுவது.

கீரைப் பாத்தியும் பனங்கூடலும்

கீரைப் பாத்தியில் ஒரு வளர்ப்பை முழுவதும் பிடுங்கி விற்றாலும், விதை தூவி நீர் வார்த்தால் சில கிழமைகளில் மறுபடி பாத்தி நிறைந்துவிடும். பனங்கூடலில் அப்படி இல்லை. வடலி வளர்ந்து காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். கூரைச் சலாகைக்கும் வளைக்கும் மாதந்தோறும் பத்துப் பனை தறிக்கும் ஒருவர், கூடலில் பத்து மரம் மட்டும் எஞ்சியிருக்கும் கடைசி மாதம் வரையில் சந்தைக்குப் பத்து மரத்தையே கொண்டுவருவார். சந்தையில் நிற்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

சூடை, நெத்தலி போன்றவை கீரையின் வகை. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, ஓராண்டு அளவில் முதிர்ந்துவிடுவன. அறுக்குளா போன்ற பெரிய எலும்பு மீனும் ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். அவற்றுள் மிகப்பெரும் பகுதி அழிந்தாலும், நல்ல ஆண்டொன்றில் தப்பியவை இழப்பை ஈடுசெய்துவிடக்கூடும். கசியிழைய மீனுக்கு அத்தகைய நல்ல ஆண்டு என்று ஒன்று இல்லை. கடல் எவ்வளவு செழித்தாலும் ஐந்து குட்டிகள் ஐந்துதான். பிறக்கும் குட்டிகளின் தொகை, உயிரோடிருக்கும் தாய் மீன்களின் தொகையையே நேராகச் சார்ந்திருக்கிறது. ஆகவே தாய் குறையக் குறைய மீளும் வேகமும் குறைகிறது. சுறாக்களும் திருக்கைகளும் மீன்பிடிக்கு ஏன் இவ்வளவு எளிதில் ஆட்பட்டு அருகுகின்றன என்பதற்கு இதுவே அடிப்படை.

இந்த அடிப்படையில் பால்சுறாவும் கூடலைச் சேர்ந்ததுதான்; ஆனால் விரைவில் காய்க்கும் மரம். அளவோடு பிடித்தால் தாங்கும். வேளா தாங்காது. அதற்குச் சிறந்த சான்று மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா ஏரி. அந்த நன்னீர் ஏரியில் வேளாக்கள் பெருமளவில் வாழ்ந்தன. 1970களில் அங்கே வணிக நோக்கில் அவற்றைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டு அளவிலேயே பிடிப்பதற்கு எதுவும் இல்லாத நிலை வந்து, 1980களின் தொடக்கத்தில் தடை விதிக்க வேண்டியதாயிற்று. தடை வந்தபின்னும் அக்கூட்டம் மீளவில்லை.

வேளாவுக்கு இன்னொரு கேடும் உண்டு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டியதே இல்லை. செவுள்வலை, இழுவைமடி என எந்த வலையாக இருந்தாலும், வாளின் ஒரு பல் கண்ணியில் மாட்டிக்கொண்டால் மீன் தலையை ஆட்டும். ஆட்ட ஆட்ட அடுத்தடுத்த பற்களும் சிக்கும். வேறு மீனுக்கு விரித்த வலையில் வேண்டாமல் அகப்படுவதைத் துணைப்பிடி என்பர். வேளாவின் அழிவில் பெரும்பகுதி துணைப்பிடியால் நேர்ந்தது. சிக்கிய மீனை உயிரோடு அவிழ்த்து விடுவது, வலையையும் கையையும் பாதுகாக்க வேண்டிய தொழிலாளிக்கு இலேசான காரியமில்லை.

சிவப்புப் பட்டியல் அளப்பது என்ன?

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும் பட்டியலே சிவப்புப் பட்டியல். காப்புநிலை என்பது, ஓர் இனம் உலகிலிருந்து அற்றுப்போகும் இடர் எவ்வளவு என்பதைச் சில விதிகளின்படி மதிப்பிட்டு வழங்கும் தரம். இடர் குறைந்தவை, அச்சுறுத்தலை அண்மித்தவை, அழிவாய்ப்புள்ளவை, அருகியவை, மிக அருகியவை, இயற்கையில் அற்றுப்போனவை, முற்றாக அற்றுப்போனவை என்று அத்தரங்கள் செல்லும். தரவு போதாதவற்றுக்குத் தனி இடம் உண்டு. இடையிலுள்ள அழிவாய்ப்புள்ளவை, அருகியவை, மிக அருகியவை என்ற மூன்று தரங்களையும் சேர்த்தே அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்பார்கள். செய்திகளில் இந்த மூன்றும் வேறுபாடின்றி "அழிந்துவரும் இனம்" என்று எழுதப்படுவதுதான் குழப்பத்தின் ஊற்று.

தரத்தைத் தீர்மானிக்கும் விதிகள் பல இருப்பினும், கடல்மீன்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது வீழ்ச்சி விதி. மூன்று தலைமுறைக் காலத்தில், அது பத்தாண்டுக்குக் குறைவானால் பத்தாண்டில், இனத்தின் தொகை எத்தனை விழுக்காடு குறைந்துள்ளது என்று அது கேட்கிறது. குறைவுக்கான காரணம் இன்னும் நீங்காத நிலையில், 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் அழிவாய்ப்புள்ளது. 50 விழுக்காடானால் அருகியது. 80 விழுக்காடானால் மிக அருகியது. தலைமுறை என்பது இங்கே ஈனும் பெற்றோரின் சராசரி வயது. அது ஐந்தாண்டாக உள்ள மீனுக்குப் பதினைந்து ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் போதும். வேளாவுக்கு நாற்பதாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

கவனிக்க வேண்டியது, இவ்விதி எங்கும் "இன்னும் எத்தனை மீன் மிச்சம்" என்று கேட்கவில்லை. எத்தனை வேகமாகக் குறைகிறது என்றே கேட்கிறது. பெருந்தொகையாக இருந்த ஒன்று மூன்றில் ஒரு பங்கை இழந்தபின்னும் பெருந்தொகையாகவே இருக்கும், சந்தைக்கும் வரும், ஆனால் அழிவாய்ப்புள்ளது என்ற தரத்துக்குள் சரியாகவே வந்து சேரும். பால்சுறாவின் நிலை இதுதான். 2003ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இடர் குறைந்ததாக இருந்த அது, 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அழிவாய்ப்புள்ளதாயிற்று. வேளா மிக அருகிய இனம். முன்னர் வாழ்ந்த நாடுகள் பலவற்றில் இன்று அது இல்லை. ஓரளவேனும் நிலைபெற்ற கூட்டம் எஞ்சியிருப்பது வட அவுஸ்திரேலியாவில்.

இன்னொன்று, இத்தரம் இனத்தின் உலகப் பரப்பு முழுவதற்கும் உரியது. வட அவுஸ்திரேலியாவில் மீன்பிடி கட்டுப்பாட்டில் உள்ளதால் அங்கே பால்சுறா நன்றாக இருக்கிறது; தென்னாசியாவிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் கரையோர மீன்பிடி மிகுந்திருப்பதால் வீழ்ச்சி கூடுதல். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த முடிவே ஒற்றைத் தரமாக வெளிவருகிறது.

2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடொன்று 1,199 கசியிழைய மீனினங்களை ஆராய்ந்து, அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அச்சுறுத்தலுக்கு உள்ளானவையாக இருக்கக்கூடும் என்று கணித்தது. முதற்காரணம் அளவுமீறிய மீன்பிடி. வேளாவும் பால்சுறாவும் அந்த ஒரே தொகைக்குள் அடங்கினாலும், பால்சுறா வாசலைத் தாண்டியது. வேளா கடைசிப் படியில் நிற்பது. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் மூன்றில் ஒரு பங்கு என்பதை மட்டும் முழங்குவது கேட்பவரை அச்சுறுத்துமே தவிர, எதையும் விளக்காது.

சந்தை ஏன் உண்மையைச் சொல்வதில்லை?

ஓரிடத்தில் இறக்கப்படும் மீனின் நிறை, கடலில் உள்ள மீனை மட்டும் சார்ந்ததன்று. எத்தனை படகு, எவ்வளவு தூரம், எத்தனை மணிநேரம், எவ்வளவு நீள வலை என்பவற்றையும் சார்ந்தது. இவற்றைச் சேர்த்துப் பிடிமுயற்சி என்பர். மீன் பாதியாகக் குறைந்த கடலில் முயற்சியை இரட்டித்தால் சந்தைக்கு அதே அளவு வந்துசேரும். பனை தறித்தவர் கதைதான். ஆகவே ஆய்வாளர்கள் மொத்த நிறையை விட்டு, ஓரலகு முயற்சிக்கு எவ்வளவு பிடிபட்டது என்பதைக் கணிக்கிறார்கள். "முந்தி இரண்டு மணித்தியால ஓட்டத்தில் கிடைத்தது, இப்போது விடியும்வரை போக வேண்டியிருக்கிறது" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அந்தச் சொல் சந்தையிலுள்ள மீன்குவியல்களின் எண்ணிக்கையைவிடப் பெறுமதியான தரவு.

வடபகுதியில் இந்தக் கணக்கு மேலும் சிக்கலானது. போர்க்காலத்தில் தூரத்துக்கும் நேரத்துக்கும் இயந்திரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2009க்குப் பின் அவை தளர்ந்து பிடிமுயற்சி திடீரென்று பெருகியது. பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகளின் வரவும் தொடர்ந்தது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் அடித்தளத்தை வாரிச்செல்லும் அந்த மடி எல்லைக்கு அப்பாலிருந்து வரும்போது சட்டம் அதைத் தானாக நிறுத்திவிடுவதில்லை. பால்சுறா போன்று அடித்தளத்தை ஒட்டி வாழும் மீன், நிறுத்தாத வலையில் முதலில் விழுவது இயல்பு.

பெயரும் ஏமாற்றும். நமது சந்தையில் பால்சுறா என்று விற்பனையாவதெல்லாம் ஒரே இனம் அன்று. உருவத்தில் ஒத்த வேறு சிறு சுறாக்களும், பெரிதாக வளரக்கூடிய சுறாக்களின் குட்டிகளும் அதே மீன்குவியலில் சேர்ந்துவிடுகின்றன. ஓர் இனம் குறைந்து மற்றொன்று அவ்விடத்தை நிரப்பினாலும் பெயர்ப்பலகை மாறாது.

எல்லாவற்றிலும் நுட்பமான ஏமாற்று நமது நினைவில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழில் தொடங்கிய நாளில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று எண்ணுகிறது. மீன்வள அறிஞர் டானியல் பௌலி 1995இல் இதற்கு நகரும் அடிக்கோடு என்ற கருத்தை முன்வைத்தார். வேளாவை வலையிலிருந்து வெட்டி எடுத்த அனுபவம் உள்ள ஒருவருக்கு அது இல்லாத கடல் குறைபட்ட கடல். அவருடைய பேரனுக்கு வேளா இல்லாமலிருப்பதே இயல்பு, பால்சுறா ஒரு மீற்றரை எட்டாமலிருப்பதும் இயல்பு. இலங்கைக் கரையோரங்களில் தொழிலாளர்களை நேர்கண்டு செய்யப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு, வேளா இந்நாட்டுக் கடலில் ஏறக்குறைய இல்லாமற்போய்விட்ட நிலையைக் காட்டியது. அந்த இழப்பை எந்தச் சந்தையும் அறிவிக்கவில்லை.

பட்டியல் வேறு, சட்டம் வேறு

சிவப்புப் பட்டியலில் பெயர் இருப்பதனால் ஒரு மீனைப் பிடிப்பதோ உண்பதோ குற்றமாகிவிடாது. அது மதிப்பீடு, சட்டம் அன்று. தடை விதிப்பது நாடுகளின் வேலை. இலங்கையில் 2012 முதல் கசைவால் சுறாக்களைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. சுறாவின் செட்டையை மட்டும் அறுத்து உடலைக் கடலில் எறிவதைத் தடுக்கும் விதி அதற்கு முன்னரே வந்துவிட்டது. இந்தியா 2001இல் வேளாவைத் தன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர்ந்த அட்டவணையில் சேர்த்தது.

நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கை. இலங்கை 1979 முதல் அதில் உறுப்பு நாடு. அதன் முதலாம் பின்னிணைப்பில் உள்ளவற்றை வணிகத்துக்காக எல்லை கடத்த இயலாது. இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவற்றைக் கொண்டுசெல்லலாம். ஆனால் பிடிப்பதால் இனத்துக்குக் கேடில்லை என்று நாடு உறுதிசெய்து உத்தரவு வழங்க வேண்டும். வேளாக்கள் 2007இல் உடன்படிக்கைக்குள் வந்து, 2013 முதல் அனைத்தும் முதலாம் பின்னிணைப்பில் உள்ளன. பால்சுறா அடங்கும் குடும்பம் முழுவதும் 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டு, அது 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதனால் உள்ளூரில் பால்சுறா வாங்கிச் சமைப்பதற்கு எந்தத் தடையும் வரவில்லை. செட்டையையும் கருவாட்டையும் ஏற்றுமதி செய்பவருக்கே உத்தரவு வேண்டும்.

என் கருத்தில், பால்சுறாவுக்கு வேண்டியது தடை அன்று. கைக்கடங்கும் சிறு குட்டிகளை வாங்க மறுப்பதும், குட்டி ஈனும் பருவத்தில் ஆழங்குறைந்த நீரில் வலையைக் குறைப்பதும், இறக்கும் இடத்தில் இனம் பிரித்துப் பதிவதும் போதிய பயன் தரும். விரைவில் பருவமடையும் மீனாகையால் அது அந்த உதவிக்கு விரைவில் பதில் சொல்லும். வேளாவுக்கு அத்தகைய அவகாசம் இல்லை. வலையில் ஒன்று உயிரோடு அகப்பட்டால், வாளுக்கு எட்டாத தூரத்தில் நின்று கண்ணிகளை வெட்டி, நீரிலேயே விடுவிப்பது ஒன்றே வழி. ஒரு வலைத்துண்டின் விலை தொழிலாளிக்குச் சிறிய தொகையன்று. அந்த இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு ஒன்றும் இருந்தாக வேண்டும்.

வீட்டில் வேளா வாள் இருந்தால்

கரையோர வீடுகளின் சுவரிலோ பழைய கோயில், தேவாலயம் ஒன்றின் அறையிலோ வேளா வாள் தொங்குவது இன்றும் உண்டு. உலர்ந்த வாளிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து, அற்றுப்போன கூட்டங்களின் உறவுமுறையை உலகின் பல இடங்களில் ஆராய்கிறார்கள். ஆய்வகம் இல்லாமலும் பலவற்றை அறியலாம். வாளின் அருகில் அளவுநாடாவை வைத்து, முழு வாளும் தெரியும்படி படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துப் பற்களையும், விழுந்தவற்றின் குழிகளையும் சேர்த்துத் தனித்தனியே எண்ண வேண்டும். பல்வரிசை அடிவரை வந்துள்ளதா, அல்லது தலையை ஒட்டிய கால்பகுதி வெறுமையாக உள்ளதா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெறுமையாக இருந்தால் அது ஒடுங்கிய வாளையுடைய வேறொரு வேளா இனம். பெரும்பல் வேளாவின் வாளாயின், ஒரு மீற்றர் நீளமுள்ள வாள் நான்கு மீற்றருக்குக் குறையாத மீனுடையது. யார், எந்தக் கரையில், ஏறக்குறைய எந்த ஆண்டில், எவ்வகை வலையில் பிடித்தார் என்பதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டுப் படத்தோடு எழுதிவைத்து, பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அல்லது கடற்றொழில் துறைக்குக் கொடுக்கலாம். வாளை விற்கவோ வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு நினைவுப் பொருளாக அனுப்பவோ கூடாது. முதலாம் பின்னிணைப்பில் உள்ள பொருளாதலால் அது சுங்கத்தில் பறிமுதலாகும்.